முடியை அல்ல, முதலில் சொல்லை நேராக்குவோம்



தமிழ்ப்பள்ளி ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! இந்தக் கட்டுரை சிலருக்குக் கசக்கலாம். எழுதுகின்ற எனக்கே கசக்கிறது. ஏனெனில், இதில் நான் சாட்டப்போகும் குற்றத்திற்கு முதற் குற்றவாளி நான்தான்.

சென்ற ஆண்டு, பள்ளித் தவணை முடிய இரண்டு வாரங்கள் இருக்கையில், ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் காண வந்திருந்தார். மகளும் உடன் இருந்தாள். தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட்ட பின்னும் அவர் எழுந்து போகவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டீச்சர், பிள்ளைக்கு லீவில் ரீபோண்டிங் செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். அடுத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். இந்தத் தலையோடு எப்படி அனுப்புவது? நீங்களும் முன்பு செய்திருந்தீர்கள் அல்லவா? எந்தக் கடை நல்ல கடை?"

அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. அடர்ந்த, கருத்த, சுருள் சுருளான முடி. இரட்டைப் பின்னலில் அடங்காமல் நெற்றியோரம் சிறு சிறு வளையங்களாக எழுந்து நிற்கும். நான் வழக்கம்போல் இரசாயனம், ஒவ்வாமை, தலைத்தோல் என்று பாடம் நடத்தத் தொடங்கினேன். பிள்ளை குறுக்கிட்டாள்.

"முடி நேராக இருந்தால்தானே டீச்சர் இளவரசியாக நடிக்க முடியும்?"

என் பாடம் அத்துடன் நின்றுவிட்டது.

பதினொன்றில் ஒன்பது

நான் 2004ஆம் ஆண்டு ஆசிரியப் பணியில் சேர்ந்தேன். அன்று தொடங்கி, பரிசளிப்பு விழா நாடகங்கள் பெரும்பாலும் என் பொறுப்பில்தான் நடந்து வருகின்றன. கதை எழுதுவது, பாத்திரங்களுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்வது, ஒப்பனை செய்வது எல்லாம் நானே. அன்றிரவு வீட்டில் பழைய படத்தொகுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன்.

அரக்கி, சூனியக்காரி, பிச்சைக்காரி, பைத்தியக்காரி, பேய் எனப் பதினொரு பாத்திரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்பதில் நடித்தவர்கள் சுருட்டை முடிப் பிள்ளைகள். இளவரசியாகவும் தேவதையாகவும் தமிழ்த்தாயாகவும் மேடையேறியவர்களுள் சுருட்டை முடிக்காரி ஒருத்திகூட இல்லை.

நான் ஒருநாளும் அப்படித் திட்டமிட்டதில்லை. என்னை அச்சுறுத்துவதும் அதுதான். திட்டமிட்டுச் செய்திருந்தால் என்றாவது வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பேன். "இவளுக்கு முடி ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது, நமக்கு ஒப்பனை வேலை மிச்சம்" என்று ஓராண்டு ஒத்திகையின்போது நான் சிரித்துக்கொண்டே சொன்னதும் நினைவுக்கு வந்தது. சுற்றி நின்ற ஆசிரியர்களும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உறக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் சுருட்டை முடிதான். அந்தப் படங்களில் என் முடி கோடு போட்டாற்போல நேராக விழுந்து கிடக்கிறது. பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே 280 ரிங்கிட் கொடுத்து, ஆறு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து, அதை நேராக்கிக்கொண்டேன். ஒன்பது ஆண்டுகள் விடாமல் செய்தேன். காதுக்குப் பின்னால் தோல் வெந்து நீர் கோத்த நாளும் உண்டு. கடைசியில், புதிதாக முளைத்த சுருளும் பழைய நேர்முடியும் சந்திக்கும் இடத்தில் கொத்துக் கொத்தாக ஒடியத் தொடங்கியது. 2013இல் தோளுக்கு மேலே வெட்டிக்கொண்டேன். ஆனால் தலையிலிருந்து போன பிழை கண்ணிலிருந்து போகவில்லை. அதற்குப் பிறகும் இளவரசிகளை நேர்முடியில்தான் தேடியிருக்கிறேன்.

நம் நாவில் இருக்கும் முதல் இரசாயனம்

ஒரு பெண்ணின் தலையில் கடைக்காரர் பூசும் குழம்பு இரண்டாவதுதான். அதற்கு முன்பே ஒரு சொல் பூசப்பட்டுவிடுகிறது. அதனைப் பூசுபவர்கள் நாம்.

'பரட்டை'. இந்தச் சொல்லை உங்கள் வகுப்பறையில் கேட்டதில்லை என்று எந்த ஆசிரியராலாவது சொல்ல முடியுமா? 1977இல் வெளிவந்த 16 வயதினிலே படத்தில் ஊரை வம்புக்கிழுக்கும் போக்கிரிக்கு வைத்த பெயரே பரட்டை. முடி ஒருவரின் குணத்திற்குச் சான்றாகிவிட்டது. பரட்டை, தேங்காய் நார், காக்கைக் கூடு என்று வீட்டில் தொடங்கும் பட்டியலில், இடைநிலைப்பள்ளியில் 'மெகி'யும் சேர்ந்துகொள்கிறது. "தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு வா" என்று காலைச் சபைகூடலில் நாம் யாரைப் பார்த்துச் சொல்கிறோம்? வாராமல் வந்தவளைப் பார்த்தா? வாரியும் படியாதவளைப் பார்த்தா? இரண்டுக்கும் வேறுபாடு உண்டென்று நாம் என்றாவது நினைத்ததுண்டா?

நாம் தமிழாசிரியர்கள். ஆகவே நமக்கு மன்னிப்பே இல்லை. ஏனெனில் இந்த மொழிக்கு வேறு சொற்கள் இருப்பது நமக்குத் தெரியும்.

ஆற்றில் நீர் வடிந்தபின் கருமணலில் வரிவரியாக நெளிவுகள் படிந்திருக்குமே, அதற்கு 'அறல்' என்று பெயர். சங்கப் புலவர்கள் பெண்களின் கூந்தலுக்கு அந்த அறலைத்தான் மீண்டும் மீண்டும் உவமை சொன்னார்கள். நேர்க்கோட்டை அல்ல, நெளிவை அழகென்றார்கள். சுருண்ட கூந்தலுக்குச் 'சுரியல்' என்றொரு சொல், 'அளகம்' என்றொரு சொல். கூந்தலை ஐவகையாக ஒப்பனை செய்வதால் அதற்கு 'ஐம்பால்' என்று பெயர் வந்தது. அவ்வைந்தனுள் ஒன்று 'சுருள்'. பெரியாழ்வாரின் யசோதை, கண்ணனுக்குத் தலை வாரக் காக்கையைத் துணைக்கு அழைக்கிறாள். பத்துப் பாடல்கள் இந்தத் தலைவாரலுக்கே! அடங்காத முடியுடைய பிள்ளையைத் திட்டாமல் விளையாட்டுக் காட்டி வாரிவிடுவது எப்படியென்று நம் தாய்மார்களுக்கு அன்றே சொல்லிவைத்திருக்கிறார்.

குறுந்தொகையின் இரண்டாம் பாடலை ஒட்டி எழுந்த தருமியின் கதை உங்கள் அனைவருக்கும் தெரியும். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று அரசவை கூட்டி வழக்காடிய கதை அது. இறைவனே வந்து உண்டென்று வாதாடினான். அந்தக் கதையை நாம் வகுப்பில் சுவைபடச் சொல்கிறோம். சொல்லி முடித்த கையோடு, கூந்தலின் இயற்கை வடிவமே பிழையென்று எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு உணர்த்திவிட்டுப் போகிறோம்.

அறலும் சுரியலும் அளகமும் அகராதியில் உறங்குகின்றன. வகுப்பறையில் உயிரோடு இருப்பது பரட்டை ஒன்றுதான். இந்த நிலையை உண்டாக்கிவிட்டுப் பிள்ளை ரீபோண்டிங் கேட்கிறாளே என்று வியப்பது என்ன நியாயம்?

நாற்காலியில் உண்மையில் நடப்பது என்ன?

கடைகளில் இதனை 'ட்ரீட்மென்ட்' என்கிறார்கள். ஏதோ நோய்க்குச் சிகிச்சை என்பதுபோல ஒலிக்கிறது. நடப்பதைத் தெரிந்துகொள்வோம்.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. முடி சுருளாக முளைப்பதா நேராக முளைப்பதா என்பதை மயிர்க்காலின் வடிவம் தீர்மானிக்கிறது. அது தோலுக்குள் இருக்கிறது. எந்தக் களிம்பும் அதனை மாற்றுவதில்லை. தைப்பூசத்திற்கு மொட்டை போட்டாலும் மாறுவதில்லை. தோலுக்கு வெளியே தெரியும் முடியைத்தான் மாற்ற முடியும். அதற்கு அந்தக் கந்தகப் பிணைப்புகளை உடைக்க வேண்டும்.

நம் நாட்டில் பரவலான ரீபோண்டிங்கில், பெரும்பாலும் அமோனியம் தயோகிளைகோலேட் என்னும் இரசாயனம் அந்தப் பிணைப்புகளை உடைக்கிறது. பிறகு ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் சூட்டுத் தகடுகளுக்கு இடையே முடியை இழுத்து நேராக்குகிறார்கள். அதன்பின் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு, நேரான நிலையிலேயே பிணைப்புகளை மீண்டும் பூட்டுகிறார்கள். 'ரிலாக்சர்' என்னும் மற்றொரு வகையில் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரம் பயன்படுகிறது. குழாய் அடைப்பு நீக்கும் தூளிலும் அதே சேர்மம்தான் இருக்கிறது. இதன் பிஎச் அளவு 12க்கும் மேல். இதில் உடைந்த பிணைப்பு பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. ஒரு வகை செய்த முடியின் மேல் இன்னொரு வகையைச் செய்தால் முடி ஒடிந்துபோகும்.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அதாவது, கடையை விட்டு வெளியே வந்த அன்றே சுருள் மீண்டும் முளைக்கத் தொடங்கிவிடுகிறது. சில மாதங்களில் மறுபடியும் போக வேண்டும். ஒருமுறை எடுத்த முடிவென்று நாம் நினைப்பது, உண்மையில் ஆண்டுக்கணக்கில் கட்ட வேண்டிய தவணை. பன்னிரண்டு வயதில் தொடங்கி வைத்தால் எத்தனை தவணைகள் என்று கணக்குப் பாட ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

தயோகிளைகோலேட் கலந்த பொருள்களின் பொட்டலத்தைப் படித்துப் பார்த்ததுண்டா? கையுறை அணிக, கண்ணில் படாமல் காக்க, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க என்ற எச்சரிக்கைகள் அதில் இருக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டியதை நாம் குழந்தையின் தலையிலேயே வைக்கிறோம்!

கெரட்டின் சிகிச்சை, பிரேசில் முறை என்ற பெயர்களில் வருபவற்றுள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைட் இருக்கிறது, அல்லது சூடேறும்போது வெளிப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை அதனை 2004ஆம் ஆண்டிலேயே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் ஐயத்திற்கு ஆளாகியிருக்கிறது. அது கலந்த பொருளால் மூன்று முறை முடியை நேராக்கி, மூன்று முறையும் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளான ஓர் இளம்பெண்ணைப் பற்றிப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024இல் எழுதினார்கள்.

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் கண்டது. முடி நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாத பெண்களுள் 70 வயதுக்குள் இந்நோய் வருவோர் 1.64 விழுக்காடு என்றும், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியோருள் 4.05 விழுக்காடு என்றும் மதிப்பிட்டார்கள்.

ஆசிரியர் என்பதால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. இரசாயனம்தான் காரணமென்று மெய்ப்பித்த ஆய்வு அன்று. நோயும் அரிதானதே. ஒருமுறை ரீபோண்டிங் செய்த யாரும் இதைப் படித்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால், முதல் மாதவிடாய் காணும் வயதில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, மருத்துவத் தேவை எதுவுமின்றி, விடை முழுதாகத் தெரியாத ஒன்றைத் தொடங்கி வைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இது நம் வீட்டுச் சிக்கல் மட்டுமன்று

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு வாழ்ந்து வருகிறார்கள். நகைச்சுவை நடிகர் கிரிஸ் ராக், தமக்கு ஏன் நல்ல முடி இல்லை என்று தம் சிறு மகள் கேட்டதால் கலங்கி, 2009இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2016இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் மாணவிகள் தங்கள் இயற்கை முடியைப் பள்ளி ஒடுக்குவதாகக் கூறிப் போராடினார்கள். 2019இல் கலிபோர்னியா மாநிலம், பள்ளியிலும் வேலையிடத்திலும் இயற்கை முடியின் அமைப்பைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாதென்று சட்டம் இயற்றியது.

அவர்களின் வரலாறு வேறு. நம் வரலாறு வேறு. அவர்கள் பட்ட அடிமைத் துயரை நம் துயரென்று நான் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பிள்ளைகள் பள்ளியை எதிர்த்துப் போராடினார்கள். இங்கே பள்ளியில் நம்மை எதிர்த்துப் போராடக்கூட நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு அரக்கி வேடம் போட்டுக்கொள்கிறார்கள்.

நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள்

1) "காலையில் நேரம் இருக்கிறதா?"

நியாயமான கேள்வி. விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு, ஆறு மணிக்கு வேன் வந்துவிடும் பிள்ளைக்கு, நாற்பது நிமிடம் சிக்கெடுக்க முடியாது. ஆனால் சுருட்டை முடியை உலர்ந்த நிலையில் மெல்லிய பல் சீப்பால் வாரினால்தான் அத்தனை சிக்கும் அழுகையும். முதல் நாள் மாலையில் முடியை நனைத்து, கண்டிஷனரோ எண்ணெயோ தடவி, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்து, பின்னிவிட்டால், காலையில் ரிப்பன் கட்டுவது மட்டுமே வேலை. என் பாட்டி தோட்டத்து லயன் வீட்டுப் படிக்கட்டில் அமர்ந்து மாலை நேரத்தில் இதைத்தான் செய்தார். நான்தான் அதைப் பழைய பஞ்சாங்கம் என்று கைவிட்டேன்.

2) "நேராக இருந்தால் பேன் வராதே?"

வரும். பேன் தலையோடு தலை உரசும்போது பரவுகிறது. நேர்முடியும் அதற்கு விலக்கன்று.

3) "இடைநிலைப்பள்ளியில் கேலி செய்வார்களே?"

செய்வார்கள். அதை நான் மறுக்கவில்லை, நானே அனுபவித்தவள். ஆனால் கேலி செய்பவனுக்கு 280 ரிங்கிட் கட்டணம் கட்டினால் அவன் அத்தோடு ஓய்ந்துவிடுவானா? அடுத்து நிறத்தைப் பிடித்துக்கொள்வான். அப்போது முகத்தை வெளுக்கவைக்கும் களிம்பு வாங்கித் தருவோமா? அவற்றுள் சிலவற்றில் பாதரசம் இருப்பதாக நம் சுகாதார அமைச்சு பன்முறை எச்சரித்திருக்கிறது. கேலிக்குக் கேலிக்காரனைத் திருத்த வேண்டும். அது நம் தொழில்.

4) "காது குத்துகிறோம், மொட்டை போடுகிறோம். அதற்கெல்லாம் பிள்ளையைக் கேட்டோமா?"

நல்ல வாதம். நான் நீண்ட நேரம் யோசித்தேன். காது குத்தும்போது, "உன் காது அசிங்கமாக இருக்கிறது, அதனால் குத்துகிறோம்" என்று யாரும் பிள்ளையிடம் சொல்வதில்லை. மொட்டை போட்டதும் "இப்போதுதான் நீ ஆளாகத் தெரிகிறாய்" என்று சொல்வதில்லை. அவை பிள்ளையைக் கொண்டாடும் சடங்குகள். ரீபோண்டிங் செய்து வரும் பிள்ளையிடம் நாம் சொல்லும் முதல் வாக்கியம் என்ன? "இப்போதுதான் அழகாக இருக்கிறாய்." அப்படியென்றால் பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் எப்படி இருந்தாள்?

5) "அவளேதான் கேட்கிறாள்."

ஆம், கேட்கிறாள். அந்தக் கேள்வியை அவள் நாவில் வைத்தது யார்? என் பள்ளியில் நான் வைத்தேன். உங்கள் வீட்டில் யார் என்று தேடிப் பாருங்கள். தீபாவளிக்கு வந்த அத்தையா? படம் பார்க்கையில் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையா?

6) "நீங்கள் மட்டும் ஒன்பது ஆண்டுகள் செய்தீர்களே?"

செய்தேன். வளர்ந்த பெண் தன் சம்பளத்தில் தன் தலைக்குச் செய்துகொள்வதை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். நேர்முடி வைத்திருப்பவள் தமிழச்சி அல்லள் என்று தீர்ப்புக் கூறும் வேலையும் எனக்கில்லை. அவ்வாறு கூறினால் பரட்டை என்று பழித்தவர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? என் வழக்கு ஒன்றே ஒன்றுதான்: இந்த முடிவை வளர்ந்தவள் எடுக்கட்டும். அவள் அதை எடுக்கும்போது, தன் முடி குற்றமற்றது என்று தெரிந்த நிலையில் எடுக்கட்டும். நான் அப்படி எடுக்கவில்லை. இருபத்து மூன்று வயதில் நான் கடைக்குப் போனது அழகுக்காக அன்று. பரட்டை என்ற சொல்லிலிருந்து தப்பியோடத்தான். அதற்குப் பெயர் விருப்பமா?

வளர்ந்த பெண்களுக்கு ஒரு சொல்

நேராக்குவதா வேண்டாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும் இளம் ஆசிரியைகளுக்கும் முன்னாள் மாணவிகளுக்கும் சுருக்கமாகச் சொல்வேன். தவணை தவணையாக ஆகும் செலவையும் நேரத்தையும் முதலில் கணக்கிடுங்கள். என்ன இரசாயனம் என்று கேளுங்கள்; சொல்ல மறுக்கும் கடையிலிருந்து எழுந்து வாருங்கள். மலேசியாவில் விற்கப்படும் ஒப்பனைப் பொருள் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகவையிடம் அறிவிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அந்த அறிவிக்கை எண்ணைத் தேடிப் பாருங்கள். தோலின் சிறு பகுதியில் முன்னதாகச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணோ கீறலோ இருக்கும் தலையில் செய்யாதீர்கள். கருவுற்றிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். புகை எழுந்து கண் எரிந்தால் வெளியேறுங்கள். எரிச்சலைப் பொறுத்துக்கொள்வது அழகின் விலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வெந்துகொண்டிருக்கிறது என்பதன் அறிகுறி. இவ்வளவையும் அறிந்தபின் செய்வதும் செய்யாததும் உங்கள் உரிமை.

நாம் செய்ய வேண்டியவை

ஆசிரியர்களே, கட்டுரை படித்து வருந்துவதால் பயனில்லை. என் பள்ளியில் நான் தொடங்கியிருப்பதைச் சொல்கிறேன்.

* பரட்டை உள்ளிட்ட முடிப் பட்டப்பெயர்களை என் வகுப்பில் விலக்கிவிட்டேன். அதனைச் சொல்லும் மாணவன், சுருள்முடிக்கான பழந்தமிழ்ச் சொற்கள் மூன்றைப் பொருளோடு எழுதிக்கொண்டு வர வேண்டும். சொல்லால் செய்த பிழையைச் சொல்லாலேயே கழுவட்டும்.

* கட்டொழுங்கு விதியில் 'நேர்த்தி' என்பதற்கு 'தூய்மையாக, கட்டப்பட்டு இருத்தல்' என்று மட்டுமே பொருள் கொள்வோமென்று சக ஆசிரியர்களிடம் பேசியிருக்கிறேன். படிந்திருக்க வேண்டும் என்பது நேர்த்தியின் இலக்கணம் அன்று. இருவர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

* நாடகத்திற்குப் பாத்திரங்களைக் குரல் கேட்டுத் தெரிவு செய்கிறேன். நான் சுவரைப் பார்த்து அமர்ந்துகொள்ள, பிள்ளைகள் வசனம் பேசுவார்கள். என் கண்ணை நான் நம்பத் தயாராக இல்லை.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது இதைவிடச் சிறியது. வாரிவிடும்போது வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். "என்ன முடி இது, சனியன்" என்று சீப்பை வீசும் அந்த ஒரு நொடியைப் பிள்ளை முப்பது ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பாள். எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்று வந்த அந்தத் தாயார் பிறகு என்ன முடிவெடுத்தார் என்று நீங்கள் கேட்கலாம். அதை நான் எழுதமாட்டேன். அது அந்தக் குடும்பத்தின் செய்தி. அவரைத் தடுத்துவிட்டேன் என்று வெற்றி முழக்கமிடவும், தடுக்க முடியவில்லை என்று அவர்மேல் பழிபோடவும் எனக்குத் தகுதியில்லை. அவர் தம் மகளைக் கேலியிலிருந்து காப்பாற்றத்தான் வந்தார். காப்பாற்ற வேண்டிய நிலையை உண்டாக்கியவள் நான்.

அந்தப் பிள்ளையிடம் மட்டும் ஒன்று சொன்னேன். "அம்மா, இளவரசியாக நடிக்க உன் முடி தடையாக இருக்கவில்லை. நான்தான் தடையாக இருந்தேன்" என்றேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சற்று நேரம் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்களுக்கும் சுருட்டைதானா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆறு ஆண்டுகள் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இறுகக் கட்டிய கொண்டைக்குள் அத்தனை காலமும் அதை மறைத்தே வைத்திருக்கிறேன்.

இப்போது கொண்டையைத் தளர்த்திப் பின்னலிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். பின்னலுக்கு அடங்காத சுருள்கள் நெற்றியோரம் எழுந்து நிற்கின்றன. நிற்கட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.

இனிய அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி